ரேகை வாங்கிய கை

கல்லூரிகளில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். நன்னிலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் தொடங்கி இன்று மூன்று மில்லுக்கு முதலாளி அல்லவா! "முன்னுக்கு வர என்ன சார் வேணும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "உழைப்பு" என்பேன். கைதட்டுவார்கள். நானும் கைகூப்பி வாங்கிக்கொள்வேன்.

குத்தகைக்காரர்களின் பெயரை அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கிய சமயத்தில்தான் முதல் மில்லுக்கு இடம் தேடினேன். பதிந்துவிட்டால் அவர்களை நிலத்தைவிட்டுக் கிளப்புவது லேசில்லை. எங்கள் ரோட்டோர வயலை மாணிக்கம் முப்பது வருடமாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். எனக்கு அங்கே மில் கட்ட ஆசை.

"உங்க பேரைப் பதியணும், ரேகை வைங்க" என்று ஒரு தாளை நீட்டினேன். குத்தகையை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக எழுதிய தாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. சேறு காயாத அவர் கட்டைவிரலை நானே துடைத்து, மை தடவி அழுத்தினேன்.

மறுநாள் காலையில் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்தார்.

"நம்ம வரப்புல வெளஞ்சதுங்க. சின்னய்யா இல்லேன்னா எம் பேரு ஏறியிருக்குமா? ஒண்ணு சாப்புடுங்க."

தாள் அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம். பழத்தை உரித்துத் தின்றேன். "நல்லா இருக்கு" என்று வேறு சொன்னேன்.

அறுவடை முடிந்ததும் அந்தத் தாளைக் காட்டித்தான் அவரை வெளியேற்றினேன். அவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யாருடைய உழைப்பு என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுதத் தோன்றுகிறது. அதுவும் பொய்.