முடியைக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவள்

போன கிழமை மகள் தன் போனில் ஒரு சண்டைப் படம் காட்டினாள். நாயகி சண்டைக்கு முதல் தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். ஓடினாள், விழுந்தாள், மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சண்டைக்கும் ஆராவது அழுவாங்களாம்மா?" என்று மகள் சிரித்தாள். அவளுக்குத் தவம் மச்சாளின் கதை தெரியாது. உங்களுக்கும் தெரியாது, சொல்கிறேன்.

தவம் மச்சாள் என் மாமியின் ஒரே மகள். கல்லடியில் எங்களுக்கு அடுத்த வளவு. டெக் வாடகைக்கு எடுத்து வீடியோவில் படம் போட்ட காலத்தில், சண்டை போடும் நாயகிகள் என்றால் எனக்கு உயிர். அவர்கள் பறந்து உதைப்பதைப் பார்த்து நானும் பின்வளவு வாழையை உதைத்தேன். வாழைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் கால் வீங்கிக் கிடந்தேன். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு அவள் ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்துக்குப் போனாள். போனாளா, கொண்டுபோனார்களா என்று மாமி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

சண்டை முடிந்து வந்தவளின் முடி, அங்கே வெட்டியபடி கழுத்தோடு நின்றது. அந்த முடியைப் பார்த்தாலே ஆள் எங்கிருந்து வந்தவளென்று ஊருக்குத் தெரிந்துவிடும். மாமி கறிவேப்பிலை போட்டு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. முடி இடுப்புக்கு வந்த பிறகுதான் கலியாணப் பேச்சை எடுத்தாள்.

எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. தன்னாமுனையில் வீடு கட்டும் மேசன் ஒருவனைக் கேட்டார்கள். "பிள்ள கொழும்பில தையலுக்கு நிண்டவள்" என்று மாமி சொல்லிவைத்தாள். மாப்பிள்ளையின் தாய் சீதன வீட்டைப் பார்க்க வந்தாள்.

வந்தவளைச் சந்தோசப்படுத்த மாமி டிவியைப் போட்டாள். படத்தில் நாயகி முடியை விரித்துப் பறக்கவிட்டு, இரண்டு கையாலும் சுட்டுக்கொண்டு ஓடினாள். மாப்பிள்ளையின் தாயே "விடாத, அடி!" என்று உற்சாகமானாள். பலகாரத் தட்டோடு வந்த மச்சாள் சிரித்துவிட்டாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"முடிய முதல்ல கட்டச் சொல்லுங்க. கண்ணுக்குள்ள விழுந்தா ஆரப் பாத்துச் சுடுற? இவ்வளவு ஓடியும் மூச்சு வாங்கல்ல, பாருங்களன்!"

மாமியின் முகம் செத்துப்போனது. வந்தவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தையலுக்குப் போன புள்ளைக்கு இதெல்லாம் எப்பிடிக்கா தெரியும்?"

அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மறுமொழி சொல்லியனுப்புவதாகப் போனவள் கடைசிவரை அனுப்பவில்லை.

அன்று பின்னேரம் வாவிக்கரையில் மச்சாள் கேட்டாள்.

"வாயப் பொத்திட்டு இருந்திருக்கலாம் என்ன?"

"நீங்க சொன்னது சரிதானே மச்சாள்."

"சரியாச் சொன்னதுதான்கா பிழை."

அதன்பிறகு படத்தில் சண்டை வந்தால் எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவாள். வேறு சம்பந்தமும் வரவில்லை. போன மாரியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மாமிதான் கடைசியாகத் தலை வாரிவிட்டாள். செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் "என்ன முடி, என்ன முடி" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

இப்போது மகளின் போனில் ஒருத்தி முடியைக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்திருக்கிறாள். பார்த்துச் சிரிக்காமல், "இவள் சரி" என்று சொல்ல மச்சாள்தான் இல்லை.