மெத்தைக் கடைக்கு அடியில் ஒரு தொட்டி

"கண்ண மூடாதீங்க, மேல பாருங்க." மெத்தையில் படுத்துப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் கடையில் விற்பனை பார்க்கும் அக்கா இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார். மேலே வளைந்து நிற்கும் பழைய மரக்கூரை தெரியும். "பாப்டிஸ்ட் சர்ச்சா இருந்த இடங்க இது. இங்க உக்காந்து பிரசங்கம் கேட்டே எத்தன தூக்கம் தூங்கியிருக்கோம்! இப்ப மெத்தையே விக்கிறேன்."

சிரித்துவிட்டு, முன்பு பிரசங்க மேடை இருந்த மூலைக்கு அழைத்துப்போய்க் குதிகாலால் பலகையைத் தட்டுவார். உள்ளே காலியாக இருக்கிற சத்தம் வரும். கீழே ஞானஸ்நானத் தொட்டி. அந்தச் சபையில் குழந்தைகள் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கமில்லை. வளர்ந்தபிறகு தானாகச் சம்மதித்து, ஒரு பக்கப் படியில் இறங்கி, முழுக்க முங்கி, மறு பக்கப் படியில் ஏற வேண்டும். ஞானஸ்நான நாட்களில் மட்டும் பலகைகளை எடுப்பார்கள். இன்றும் அந்த இடத்தில் ஒரு தலையணையைக்கூட வைக்க அக்கா விடமாட்டார்.

முழுக்குக்கான வெள்ளை அங்கிகளைத் தைத்தது அவருடைய அம்மா. தண்ணீரில் மேலெழும்பாமலிருக்க விளிம்பில் ஈயத்துண்டு வைத்து மடித்துத் தைப்பார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தைத்தவர், சொந்த மகளின் அங்கிக்கு ஈயம் வைக்க மறந்துபோனார்.

"இடுப்பளவு தண்ணிக்கு வந்ததும் அங்கி குடையாட்டம் விரிஞ்சுருச்சு. ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டேன். 'கைய நெஞ்சுல மடிம்மா'ங்குறாரு பாஸ்டர். 'உங்களுக்கென்ன பாஸ்டர், அங்கி விரிஞ்சாலும் உள்ள இடுப்புவரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கீங்க'ன்னேன். சபையே சிரிச்சிருச்சு. அவரும் அப்படியே முக்கி எடுத்துட்டாரு."

'எம்பொண்ணுக்குப் போய் மறந்துட்டேனே' என்று அம்மா சாகும்வரை புலம்பினாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடும்.

சபை சுருங்கியது, கூரை ஒழுகியது. எதையும் கை தூக்கி முடிவு செய்கிற சபை அது, கட்டடத்தை விற்பதையும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். அக்காவும் தூக்கினார். "ஒழுகுறதப் பாத்துட்டுத்தான் தூக்கினேன்" என்று யாரும் கேட்காமலே சொல்வார். கடை திறந்த வாரமே வேலை கேட்டு வந்து நின்றவரும் அவர்தான்.

போன வாரம் முதலாளி, தொட்டியை கான்கிரீட் போட்டு மூடப்போவதாகச் சொன்னார்.

"ஏன் தம்பி, அது பாட்டுக்குக் கெடக்குது. யாருக்கு என்ன தொந்தரவு?"

"நீங்கதான் அது மேல எதையும் வைக்க விடமாட்டேங்குறீங்களேக்கா. இவ்வளவு இடம் சும்மா கெடக்குது."

இந்த முறை அக்காவைக் கை தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கொத்தனார் பலகைகளைப் பெயர்த்ததும் தூசியும் பழைய நீலப் பூச்சும் தெரிந்தன. கலவை தயாராக இருந்தது. "ஒரு நிமிஷம்ப்பா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்தபடி அக்கா படியிறங்கினார். பாதிப் படியில் அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே உடுப்பைக் கீழ்நோக்கி அமுக்கின. அப்படியே நடுத்தொட்டிவரை போனார்.

"கலவ இறுகிடும்க்கா" என்றார் கொத்தனார். முதலாளி கொத்தனாரின் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

அக்கா ஒரு கையை விட்டார். பிறகு மற்றதையும் விட்டார். இரண்டையும் நெஞ்சின்மேல் மடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார்.