ரெண்டு ரிங் சோதனை

மேலப்பாளையம் தஸ்மியாவுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. டீயை நின்றபடியேதான் குடிப்பாள். அதையும் பாதியில் வைத்துவிடுவாள். ஊர் ஊராகப் போய் இணையத் தொலைபேசி மாட்டிக் கொடுப்பதுதான் பதினோரு வருஷமாக அவள் பிழைப்பு. அன்று உவரியில் ஒரு டிரஸ்டின் ஆம்புலன்ஸ் அறையில் வேலை. பழைய லைனைக் காலையிலேயே எடுத்தாயிற்று. இனி யார் ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டாலும் அழைப்பு வண்ணார்பேட்டையில் இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து இந்த அறையின் நெட்வொர்க் சுவிட்சுக்கும் அது வழியாக மேசைப் போனுக்கும் வந்து சேர வேண்டும்.

சுவிட்சிலிருந்து சர்வருக்கு, இருக்கிறாயா என்று கேட்கும் பிங்கை நூறு தடவை விட்டாள். நூறுக்கும் பதில் வந்தது. பிறகு தன் செல்லிலிருந்து ஆம்புலன்ஸ் எண்ணைப் போட்டாள். மேசைப் போன் அடித்தது. ரெண்டு ரிங், அவ்வளவுதான், வெட்டிவிட்டாள். எடுக்கப் போன டிரைவர் எஸ்றா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பதினொன்றரைக்கு எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள்.

இந்த ரெண்டு ரிங், வாப்பா சவுதியில் இருந்த காலத்தில் உம்மா கொண்டுவந்த வழக்கம். பத்திரமாய் வந்து சேர்ந்தேன் என்று அர்த்தம்; யாரும் எடுக்கக் கூடாது. வாப்பா ஊர் திரும்பி எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பழக்கம் அவள் விரலை விட்டுப் போகவில்லை.

பஸ்ஸைக் காணோம். உட்கார்ந்தாள், எழுந்தாள், ரோட்டை எட்டிப் பார்த்தாள். என்னவோ மனசை அரித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டேகாலுக்கு, வேலை முடிந்தது என்று சொல்ல உம்மாவுக்கு ரெண்டு ரிங் விட்டாள். உம்மா கை தவறி எடுத்துவிட்டாள் போலும், சாப்பிட்டியா என்று குரல் வந்தது. தஸ்மியாவுக்குப் பகீரென்றது. அந்த அறையில் மணிச் சத்தத்தைக் கேட்டாளே தவிர, குரலை யார் கேட்டது?

அங்கேயே நின்று ஆம்புலன்ஸ் எண்ணைப் போட்டாள். எஸ்றா எடுத்துவிட்டார், செல் திரையில் நொடிகள் ஓடின, ஆனால் மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

லேப்டாப்பைத் திறந்தால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சர்வரில் மணி அடிக்கும் வழி திறந்திருந்தது, பேச்சு போகும் வழி அடைத்தே கிடந்தது. பிங்குக்குப் பதில் சொல்கிற சர்வர் பேச்சையும் விட்டுவிடும் என்று நம்பினாளே, அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்ல! ரெண்டு நிமிஷத்தில் சரிசெய்து மறுபடி கூப்பிட்டாள். எஸ்றா பேசியது தெளிவாகக் கேட்டது. அப்பாடா என்று உட்காரப் போனவளிடம் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"பன்னெண்டு மணிக்கு ஒரு போன் வந்துச்சு தங்கச்சி. சத்தமே இல்ல. நீங்கதான் டெஸ்ட் பண்ணுதீகன்னு வச்சிட்டேன்."

தஸ்மியா உட்காரவில்லை, லேப்டாப்பில் வந்த அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். அந்த எண்ணைத் தேடி எடுத்து மேசைப் போனிலிருந்தே கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். மாமனாருக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்சில் யாரும் பேசவில்லை, கிடைத்த மீன் வண்டியில் ஏற்றித் திருச்செந்தூருக்குப் போகிறோம், பெரியதாழை தாண்டவில்லை, மூச்சு இழுக்கிறது என்று ஒரே மூச்சில் கொட்டினாள். ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்ட எஸ்றா, அவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"ஹலோ, பேசுங்க. ஆராவது பேசுங்களேன்."

லைன் நல்லாத்தான் இருந்தது. தஸ்மியாவுக்குத்தான் குரல் வரவில்லை.

"பேசுதேன்க்கா. தப்பு எம்மேலதான். ஆக்சிஜனோட வண்டி பின்னாலயே வருது, ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. வண்டி வந்து சேருத வரைக்கும் நான் வைக்க மாட்டேன்."

சைரன் சத்தம் போனில் கேட்கும் வரை அவள் ரிசீவரை வைக்கவும் இல்லை, நின்ற இடத்தைவிட்டு அசையவும் இல்லை.