சந்தை முக்கில் எடுத்த படம்

சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஐயம்பெருமாள் வீடியோ எடுக்காத கல்யாணம் கிடையாது. தாலி கட்டுவது படத்தில் சரியாக விழாவிட்டால்கூட ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். பந்தியில் உட்கார்ந்த சித்தப்பா முகம் விட்டுப்போனால் குடியே முழுகிப்போகும்! அதனால் கூட்டத்தைக் கண்டால் ஒவ்வொரு முகமாக நின்று நிதானமாக எடுப்பது அவருக்குக் கைப்பழக்கம்.

அந்தக் கைப்பழக்கம்தான் 1997இல் அவரை வம்பில் மாட்டிவிட்டது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து தோளில் கேமராவோடு திரும்பியவர் கண் முன்னால், சந்தை முக்கில், மூன்று பேர் சுடலையாண்டியை வெட்டிப் போட்டுவிட்டு ஓடினார்கள். சுடலையாண்டி வாழைத்தார் சுமப்பவன், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். அரிவாளை ஓங்கியபோதே ஐயம்பெருமாளின் கை பட்டனை அழுத்திவிட்டது. வெட்டு படத்தில் விழுந்தது. பிறகு, பாழாய்ப்போன பழக்கம், வேடிக்கை பார்த்தவர்களையும் வரிசையாக எடுத்தார். ஓடிவந்து சுடலையாண்டியின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்த தையற்கடை ஜெபராணியின் முகம் கிட்டத்தில், பளிச்சென்று விழுந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் டி.வி. செய்தியாளன் கணேஷ்ராம் வந்து நின்றான். கேசட் சாயந்திர ரயிலில் சென்னை போக வேண்டுமாம். போட்டுப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ரத்தம் நல்லாத் தெரியுதுல்லா! அந்தப் பொம்பள அழுத இடம் இருக்கே, அதுதான் தூக்கும்."

ஐயம்பெருமாள் டி.வி.யை அணைத்தார். "வெட்டுனவனுவ இன்னும் வெளியதான் திரியுதானுவ வே. இவ பக்கத்துல நின்னு பாத்திருக்கான்னு தெரிஞ்சா விடுவானுவளா?"

"முகத்த அங்கன மறைச்சிருவாங்க."

"போன தடவ நான் குடுத்த படத்துல மறைச்சாங்களா?"

கணேஷ்ராம் வாட்ச்சைப் பார்த்தான்.

"பைய இரும். கேசட்டுல முன்னால கல்யாணப் படம் கொஞ்சம் கெடக்கு, அத எடுத்துட்டுத் தாரேன்" என்று ஐயம்பெருமாள் உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டார். கேசட்டைக் கேமராவில் செருகி, முதலுக்குச் சுற்றி, லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ரெக்கார்டை அழுத்தினார். பழைய படத்தின் மேல் வெறும் இருட்டு பதிந்துகொண்டிருந்தது.

"ரயிலுக்கு நேரமாச்சு அண்ணாச்சி! என்ன செய்யுதீரு உள்ள?" கதவு இடிபட்டது. வேர்வை கண்ணில் இறங்கியது. வேடிக்கை பார்த்த ஒரு முகமும் மிஞ்சக் கூடாது. ஜெபராணி முகம் கடைசியில் அல்லவா இருக்கிறது? அதுவரை ஓடியாக வேண்டும். அவர் அசையவே இல்லை.

வெற்றுக் கேசட்டைப் போட்டுப் பார்த்த கணேஷ்ராம், "நீரெல்லாம் வெளங்குவீராவே?" என்று கத்திவிட்டுப் போனான். ஐயம்பெருமாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோமே! நேரே தையற்கடைக்கு நடந்தார்.

ஜெபராணி கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களத் தேடித்தான் வரணும்னு இருந்தேன் அண்ணாச்சி. ஸ்டேஷன்ல மூணு பேரு பேரையும் சொல்லிட்டேன். ஒத்தப் பொம்பள சொல்லு கோர்ட்டுல நிக்காதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்லுதாரு. படம் இருக்குன்னு சொல்லியிருக்கேன். கேசட்ட எடுத்துட்டு வாங்க, ரெண்டு பேருமாப் போவோம்."

"அழிச்சிட்டேன் ஜெபராணி. ஒனக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதேன்னு..."

அவள் அவரையே பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா அண்ணாச்சி?"

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தனியாகவே ஸ்டேஷனுக்கு நடந்தாள்.