சட்டையில் தெளித்த சாராயம்

அண்ணா ஒருநாளும் சாராயத்தை வாயில் வைத்தவரில்லை. ஆனால் யுத்த காலத்தில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க அவரைக் குடிகாரன் என்றுதான் சொன்னது. அப்படிச் சொல்லவைத்தது அண்ணி.

கொட்டாஞ்சேனையில் அவர் உதைபந்தடித்த காலம் எனக்குத் தெரியும். ஒரு அரச திணைக்களத்து அணியில் சென்டர் ஹாஃப். வேலை பேருக்கு, சம்பளம் பந்துக்கு. மழையில் ஊறிய தோல்பந்து கருங்கல்லாகி வரும். கோர்னரிலிருந்து அது எழும்ப, சனம் "தலை! தலை!" என்று கத்தும். அண்ணா எழும்புவார். ஒருமுறை எதிராளியின் மண்டையோடு மோதி விழுந்தார். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றி நிமிர்த்திவிட்டார்கள். எழும்பியவர் தங்கள் கோலை நோக்கியே பந்தைக் கொண்டு ஓடினார். "அடேய், அடிக்கிற கோல் அங்கால!" மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுபோல எத்தனை விழுகை, எத்தனை வாளி. எழும்பினால் சரி, அதுதான் அன்றைய வைத்தியம்.

நாற்பது தாண்ட, கை நடுங்கியது. நடை கோணியது. நாக்குத் தடித்தது. தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்துவிட்டு, ஆர் எறிந்தது என்று கேட்பார். பெயரைக் கேட்டால் சிலநேரம் கூரையைப் பார்ப்பார்.

பெயர் சொல்லத் தெரியாத தமிழனுக்கு அந்த நாட்களில் காலி வீதி என்ற பெருந்தெருவில் நடமாட்டம் ஏது? ஆமியின் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் வாயாலேயே சொல்லச் சொல்வார்கள். ஒருநாள் அவர் தடுமாற, துவக்கு அவர் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் சிரித்து, சிங்களத்தில் "பீலா" என்றான், குடித்திருக்கிறான் என்று. விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து, வெளிக்கிட முன் அண்ணி அவருடைய கொலரில் சாராயம் தெளித்தா. குடிகாரனுக்கு யார் பயப்படுகிறார்கள்?

கிளினிக்கில் டொக்டர் மூக்கைச் சுளித்தார். "எவ்வளவு காலமாக் குடிக்கிறார்?"

"ஐயோ டொக்டர், அவர் தொடுறதேயில்லை. அது நான் தெளிச்சது, சாவடிக்காக."

"எல்லா மனிசிமாரும் ஏதோ கதை சொல்லுவினம்."

"பந்தைத் தலையால அடிச்சு அடிச்சுத்தான்..."

"பந்தாலயோ?" டொக்டர் சிரித்தார். "முதல்ல குடியை நிப்பாட்டுங்கோ. பிறகு தலையைப் பாப்பம்."

இன்று சின்னப் பிள்ளைகளிடம், பந்துக்குத் தலை கொடுக்காதே என்று சொல்கிறார்கள். அன்று அண்ணி ஒருத்திதான் சொன்னா.

அடுத்த கிளினிக் தவணைக்கு, சாராயம் தெளிக்காத, தோய்த்த வெள்ளைச் சட்டையை எடுத்துவைத்தா. "மணக்காமல் போனால்தான் இவற்ற தலையைப் பாப்பினம்."

"சாவடியில பிடிச்சால் என்ன செய்யிறது, அண்ணி?"

"குடிகாரனில்லை, வருத்தக்காரன் எண்டு ஒருத்தராவது சொல்லவேணும். எனக்கு அது போதும்."

பிடித்தார்கள். பெயர் கேட்டதற்கு அண்ணா யோசித்து யோசித்து, "சென்டர் ஹாஃப்" என்றார். அது இயக்கப் பெயரோ என்று பின்னேரம் வரை விசாரித்தார்கள். கிளினிக் பூட்டியாயிற்று. திரும்பி வந்தபோது நெற்றியோரம் வீங்கியிருந்தது. அடிச்சவையோ என்று கேட்டேன். தெரியேல்லை என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

மறுநாள் அண்ணி போத்தலை எடுத்தா. மூடியைத் திறக்க அவவுக்குக் கை வரவில்லை. அண்ணாவே கொலரை விரித்து, கோர்னர் பந்துக்கு நிற்பதுபோல, வீங்கிய நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றார்.