ஒன்பதாவது பெட்டி

என் அக்கா புருஷன் சவப்பெட்டி செய்பவர். எதிரே ஆள் வந்தால் முகத்தைப் பார்க்கும் முன்பே நீளத்தைப் பார்த்துவிடுவார். அக்காவை முதன்முதலில் பார்த்த அன்றும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். அது அவளுக்குத் தெரியவந்தபோது கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது. நான் அவர் கடையில் வார்னிஷ் அடிக்கிறேன். முப்பது நாளும் அந்த வாசனையில் நிற்பவனுக்குக் கொஞ்சம் எரிச்சல் இருக்கத்தான் செய்யும்; என் பேச்சில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தானைப் போல நல்ல மனிதர் கிடையாது. அதனால்தான் அவரோடு குடும்பம் நடத்துவது இவ்வளவு கஷ்டம் என்பாள் அக்கா. சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பது எங்களில் பலருக்கும் வழக்கம். தசமபாகம் என்போம். கவரில் வைத்து ஒட்டிக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம். அத்தானுக்கு அது போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், "பணத்தை மட்டும் கொடுக்காதீங்க, உங்க கையின் உழைப்பைக் கொடுங்க" என்று பிரசங்கத்தின் வேகத்தில் சொல்லிவைத்தார். இவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"இனிமே நான் விக்கிற ஒவ்வொரு பத்தாவது பெட்டியும் கர்த்தருடையது. யார் வீட்டுக்குப் போனாலும் அதுக்குக் காசு வாங்க மாட்டேன்."

சபையே ஆமென் சொன்னது. அக்கா மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பத்தாவது பெட்டி இரண்டு கார் வைத்திருந்த வீட்டுக்குப் போனது. பித்தளைக் கைப்பிடி வேண்டும் என்று கேட்டு வாங்கி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எடுத்துப்போனார்கள். அந்த வாரமே ஊர் விழித்துக்கொண்டது. கடைக்குப் போன் வர ஆரம்பித்தது.

"அண்ணே, இப்ப எத்தனை ஓடுது?"

"ஆறு முடிஞ்சிருக்கு."

"அப்படியா? சரி, அப்பாவுக்கு இப்போதைக்குப் பரவாயில்ல. அப்புறம் பேசறேன்."

அத்தான் ரிசீவரை வைத்துவிட்டு, "நல்ல பையன். அப்பா பிழைச்சதைச் சொல்லணும்னு கூப்பிட்டிருக்கான்" என்பார். இந்த மனிதரை என்ன செய்ய?

அடுத்த சுற்றில் எட்டுப் பெட்டி விற்றது. அதோடு நின்றது.

காரணம், ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இரண்டு பேர் படுத்த படுக்கையாக இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இன்னொருவர் பாத்திரக்கடை அம்மா. இருவருமே கையை விட்டுக் காசு போனால் உயிரே போனதாக நினைப்பவர்கள். முதலில் போகிறவர் ஒன்பது. முழு விலை கட்ட வேண்டும். அடுத்துப் போகிறவர் பத்து, இலவசம். இரண்டு பேரும் போகவில்லை.

போதகர் படுக்கையருகே ஜெபிக்கப் போனால் தலைமையாசிரியர் கண்ணைத் திறந்து, "ஐயா, எதிர்வீட்டுக்குப் போனீங்களா? அவங்களுக்குத்தான் ரொம்ப முடியல" என்பார். எதிர்வீட்டு அம்மாவோ, "சார் பாவம், ரொம்ப வேதனைப்படறார். ஆண்டவர் அவரைச் சீக்கிரமா எடுத்துக்கணும்னு ஜெபிங்க" என்பார். சாரின் அறையில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்காகவே அந்த அம்மா ஜன்னல் வரை நடக்கப் பழகினார். ஜன்னலில் அவர் நிற்பதைப் பார்த்த எரிச்சலில் சாருக்குப் பசி எடுத்தது. டாக்டர் இரண்டு வீட்டிலும் மருந்தைக் குறைத்துவிட்டு, தன் திறமையை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் வேறு யாருமே சாகவில்லையா என்று கேட்பீர்கள். செத்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டார் அடுத்த ஊருக்குப் போய்ப் பெட்டி வாங்கினார்கள். இன்னொருத்தனுக்கு இலவசம் கிடைக்க நாம் ஏன் காசு கட்ட வேண்டும் என்ற நியாயம்தான்.

கடையில் ஈ ஓட்டினோம். வாடகை பாக்கி விழுந்தது. இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பூட்டுப் போட்டுவிடுவேன் என்று கட்டிடக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அத்தானோ சபையின் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் முதல் ஆள். அந்த இரண்டு வீட்டுக்கும் போய், மண்டியிட்டு, "ஆண்டவரே, இவங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடும்" என்று கண்ணீர் விட்டு ஜெபித்துவிட்டு வருவார். ஒரு மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதை நான் நேரில் பார்த்தது அங்கேதான்.

"என்னங்க, அந்த வாக்கை வாபஸ் வாங்குங்க" என்றாள் அக்கா.

"கர்த்தர்கிட்ட கொடுத்ததை எப்படி வாங்கறது?"

"அப்ப கடைய மூடிட்டு, மிச்சமிருக்கிற பெட்டிக்குள்ளதான் குடும்பம் நடத்தணும்."

அத்தான் சுவரோரம் நின்ற பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கு அகலம் பத்தாதே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அக்கா அன்று முழுவதும் அவரிடம் பேசவில்லை.

அந்த நிலைமையில்தான் போதகர் வந்தார். பஸ் நிலையத்தில் இறந்துகிடந்த ஒருவரின் உடல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, பெயர் தெரியாது, யாரும் தேடி வரவில்லை. பெட்டி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் புதைத்துவிடுவார்களாம். கேட்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. எங்கள் நிலைமை அவருக்குத் தெரியும்.

அத்தான் உள்ளே போய், எப்போதோ வரப்போகிற பணக்கார ஆர்டருக்காக ஒதுக்கிவைத்திருந்த நல்ல பலகையை இழுத்துப் போட்டு இழைக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், இது பத்தாவது இல்ல. ஒன்பதாவது. இது கர்த்தருடையது இல்ல."

"தெரியும் மச்சான்." இழைப்புளியை நிறுத்தவில்லை. "பத்தாவது அவருடையது. அவருடையதை அவருக்குக் கொடுத்தேன், அதுல நான் என்னத்தைக் கொடுத்தேன்? இந்த ஒன்பதுதான் என்னுடையது. என்னுடையதுல இருந்து கொடுக்கறேன்."

நான் வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன். கோபம் மட்டும் போகவில்லை. கடை போகப்போகிறது என்பது அக்காவுக்கும் தெரியும். இருந்தும் அவள் வெள்ளைத் துணியை எடுத்துவந்து, பெட்டியின் உள்பக்கத்துக்குத் தைக்க உட்கார்ந்தாள்.

சாயங்காலம் தலைமையாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்தார்.

"என்னப்பா, சும்மா கொடுக்கறியாமே? நீ விக்கிற பெட்டின்னுதானே சபையில சொன்னே? சும்மா கொடுத்தா கணக்குல ஏறுமா?"

அத்தான் யோசித்தார். "ஏறாது சார். எட்டுலதான் நிக்கும்."

சார் அப்படியே ஒரு மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உயிரோடிருந்தது வீணாயிற்றே! அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. பாத்திரக்கடை அம்மா தடியை ஊன்றி இறங்கினார்.

"இதுக்கு நான் காசு கட்டறேன்" என்றார் சார் அவசரமாக. "ஒன்பதுன்னு கணக்கு வெச்சுக்கோ."

"எதுக்கு? அப்புறம் பத்தாவது உங்களுதுன்னு உரிமை கொண்டாடவா? பாதி நான் கட்டுவேன்."

ஒரு பெட்டியின் விலையை மிச்சம் பிடிக்க, ஒரு பெட்டியின் விலையை இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு எடுத்து நீட்டினார்கள். நான் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம். கொடுத்தது கொடுத்ததுதான்."

அக்கா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, கொடுக்கறதுன்னா உங்களுக்கு மட்டும்தான் எழுதி வெச்சிருக்கா? அவங்களும் கொடுத்துட்டுப் போகட்டுமே."

இரண்டு பேரிடமிருந்தும் பணத்தை வாங்கினாள். அந்தக் கையோடு கட்டிடக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அத்தான் மறுபடி இழைப்புளியை எடுத்தார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு பேருமே வந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை; புதைப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு. தூக்க ஆள் போதவில்லை. "பாதி என் காசு" என்று சார் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். அந்த அம்மா பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டே நடந்தார். என் வார்னிஷில் விரல் பதிந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.

போதகர் ஜெபப் புத்தகத்தைத் திறந்து வாசித்துக்கொண்டே வந்தவர், பெயர் வரும் இடத்தில் நின்றார்.

"பேர் தெரியாது. இன்னார் வீட்டைச் சேர்ந்தவர்னு சொல்லலாம்னா..." என்று இழுத்தார்.

தலைமையாசிரியர் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டு ஆளுன்னு சொல்லுங்க, ஐயா."

பாத்திரக்கடை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தடியைத் தரையில் தட்டினார்.

"பாதி எங்க வீடு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

போதகர் அப்படியே சேர்த்துச் சொன்னார்.