ஐந்தை ஆறாக்கிய புத்திசாலி

பழைய புல்லட் என்றால் எனக்குப் பைத்தியம். மேலகரத்தில் ஒருவர் தன் அப்பா ஓட்டிய வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, சாரலில் நனைந்துகொண்டே போனேன்.

வண்டி பளபளவென்று இருந்தது. பெயிண்டைப் பார்த்து மயங்குகிறவன் ஏமாளி. ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே சந்தனத்தை அப்பியிருந்தார். கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். கடைசி எண் மட்டும் இடித்தது. புத்தகத்தில் ஐந்து, வண்டியில் ஆறு.

“திருட்டு வண்டியா அண்ணாச்சி?”

மனிதர் கூசவே இல்லை. “சே, எங்க அப்பா வண்டி! நம்பரைக் கூட்டுனா எட்டு வருதுல்லா? அதான் அஞ்சுல ஒரு கோடு இழுத்து ஆறாக்கிட்டேன். இப்ப ஒம்பது. ராசியான வண்டி!”

அசல் வண்டியைத் தன் கையாலேயே திருட்டு வண்டியாக்கி, அதற்குச் சந்தனமும் பூசி வைத்திருக்கிற மூளையை என்னவென்று சொல்ல?

“அந்த ராசியை நீங்களே வச்சுக்கிடுங்க” என்று கிளம்பினேன். இலஞ்சி வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் என் வண்டியை நிறுத்தினேன். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, அதன் சேஸிஸ் நம்பரைக் கூட்டினேன்.

எட்டு வரவில்லை. என்னை அறியாமல் ‘அப்பாடா’ என்றேன்.

அந்த ஆளைக்கூட மன்னித்துவிடலாம். அந்த ‘அப்பாடா’வை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.